டிஃபால்ட் என்னவென்று ஃபங்ஷனிடமே கேளுங்கள்

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். உங்கள் பெயருக்கு ஒரு டிக்கெட் விழுகிறது: இரவில் ஓடும் ஜாப் சில நாள் முடியாமல் தொங்கி நிற்கிறது, என்னவென்று பாருங்கள். புரோகிராமைத் திறந்தால் யாரோ எழுதிய ஃபங்ஷன், அது கூப்பிடும் இன்னொரு ஃபங்ஷன். டாக்குமெண்ட் பழசு. எழுதியவர் கம்பெனி மாறிப் போய்விட்டார். டீம் லீடிடம் கேட்கலாம்தான். ஆனால் என்ன கேட்பது என்றே உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற, போகப்போகிற பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸின் சுரங்கங்கள் மூடப்பட்டன. பெமல் தொழிற்சாலையை விட்டால் ஊருக்குள் சொல்லிக்கொள்கிற வேலை குறைவு. மாரிக்குப்பத்தில் கிளம்பி சாம்பியன், உரிகம், கோரமண்டல் வழியாக பங்காரப்பேட்டையைத் தொட்டு, ஒயிட்ஃபீல்டுக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் போகிற ரயில்தான் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர், பேரனோ பேத்தியோ ஒயிட்ஃபீல்டில் பைத்தான் எழுதுகிறார் என்ற குடும்பங்கள் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் உண்டு. இப்படி முதல் தலைமுறையாக ஐடிக்குள் நுழைகிறவருக்குச் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. ஆபீஸில் கேட்கவோ கூச்சம். எல்லோரும் சரளமாக இங்கிலீஷ் பேசுகிற கூட்டத்தில், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வருவதில்லை.

அந்தக் கூச்சத்துக்கு உருப்படியான மருந்து ஒன்று பைத்தானுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ஃபங்ஷன் என்னென்ன பாராமீட்டர் வாங்குகிறது, எதைக் கட்டாயம் தர வேண்டும், எதைத் தராவிட்டால் அது தானாக என்ன மதிப்பை எடுத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் புரோகிராம் ஓடும்போதே அந்த ஃபங்ஷனிடம் கேட்டு வாங்கலாம். இதற்கு இன்டர்நெட் வேண்டாம், டாக்குமெண்ட் வேண்டாம், எழுதிய ஆளும் வேண்டாம். ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வருகிற நேரத்திலும் பதில் வரும்.

இதில் வரும் பைத்தான் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பாராமீட்டர் பெயர்களைத் தமிழிலேயே விட்டாலும் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

முதல் கேள்வி

ஊருக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ரயில் டிக்கெட்டுக்கு ஒரு ஃபங்ஷன்:

டெஃப் சீட்டு(எங்கிருந்து, எங்கே, வகுப்பு="இரண்டாம்", *, சீசன்=ஃபால்ஸ்):

இதை யாரோ எழுதி, வேறு ஃபைலில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்ட வேண்டியது இரண்டு வரி:

இம்போர்ட் இன்ஸ்பெக்ட்
இன்ஸ்பெக்ட்.சிக்னேச்சர்(சீட்டு)

அடைப்புக்குறிக்குள் இருந்தது அப்படியே திரையில் வரும். ஃபங்ஷனின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போடாமல் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். போட்டால் ஃபங்ஷனே ஓடிவிடும். பணம் அனுப்புகிற ஃபங்ஷனாக இருந்தால் விளையாட்டாகப் போகாது.

வந்த பதில் வெறும் எழுத்து வரி போலத் தெரியும், ஆனால் உள்ளே பிரித்துப் பார்க்கலாம். அதன் பாராமீட்டர்ஸ் என்ற பகுதியில் ஒவ்வொரு பாராமீட்டரும் எழுதிய வரிசையிலேயே இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயங்கள்: பெயர், டிஃபால்ட், வகை, டைப் குறிப்பு. 'எங்கே'யின் டிஃபால்ட்டைக் கேட்டால் இன்ஸ்பெக்ட் எம்ப்டி என்ற ஒரு கிளாஸ் வரும். புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். "டிஃபால்ட் இல்லை என்றால் நன் வர வேண்டாமா?" என்று கேட்பார்கள். வரக்கூடாது. ஏனென்றால் நன் என்பதையே டிஃபால்ட்டாக வைக்கிற ஃபங்ஷன்கள் ஏராளம். 'டிஃபால்ட் நன்' என்பது ஒரு சங்கதி, 'டிஃபால்ட்டே கிடையாது, நீ தந்தே ஆக வேண்டும்' என்பது வேறு சங்கதி. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் எம்ப்டி.

இதிலிருந்து அன்றாட வேலைக்கு ஒரு விதி பிறக்கிறது. டிஃபால்ட் இருக்கிறதா என்று சோதிக்கும்போது 'இஃப் பா.டிஃபால்ட்' என்று சுருக்கி எழுதாதீர்கள். சீசனுக்கு டிஃபால்ட் ஃபால்ஸ். வேறொன்றுக்குப் பூஜ்யம் இருக்கும், இன்னொன்றுக்குக் காலி ஸ்ட்ரிங் இருக்கும். இவை எல்லாமே 'இல்லை' என்று கணக்காகி உங்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். 'இஸ் நாட் எம்ப்டி' என்று நேராகக் கேளுங்கள். கோட் ரிவ்யூவில் பல முறை சிவப்பு வாங்குகிற இடம் இது.

கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன ஃபங்ஷன்:

டெஃப் டிஃபால்ட்கள்(எதை):
  வடிவம் = இன்ஸ்பெக்ட்.சிக்னேச்சர்(எதை)
  ரிட்டர்ன் {பெ: பா.டிஃபால்ட் ஃபார் பெ, பா இன் வடிவம்.பாராமீட்டர்ஸ்.ஐட்டம்ஸ்() இஃப் பா.டிஃபால்ட் இஸ் நாட் இன்ஸ்பெக்ட்.பாராமீட்டர்.எம்ப்டி}

'டிஃபால்ட்கள்(சீட்டு)' என்று கேட்டால் வகுப்புக்கு இரண்டாம், சீசனுக்கு ஃபால்ஸ் என்று ஒரு டிக்‌ஷனரி வரும்.

இதையே வேறு வழியிலும் எடுக்கலாம். ஒவ்வொரு ஃபங்ஷனிலும் இரண்டு அடிக்கோடு போட்ட டிஃபால்ட்ஸ் என்ற பெயரில் ஒரு டப்பிள் தொங்கிக்கொண்டிருக்கும். சிலர் அதை மட்டும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். நட்சத்திரக் குறிக்குப் பின்னால் வருகிற, பெயர் சொல்லியே தர வேண்டிய பாராமீட்டர்களின் டிஃபால்ட் அதில் இருக்காது. அவை கேடபிள்யூடிஃபால்ட்ஸ் என்ற தனி டிக்‌ஷனரியில் இருக்கும். நம் உதாரணத்தில் சீசனைத் தவறவிட்டிருப்பீர்கள். சிக்னேச்சர் இரண்டையும் சேர்த்துத் தருகிறது. பைத்தான் 3.3 பதிப்பில், 2012-ல் அது வந்ததற்கு இந்த மாதிரி அலைச்சலும் ஒரு காரணம்.

தொங்கும் ஜாப்

டிக்கெட்டுக்குத் திரும்புவோம். இரவு ஜாப் ஒரு வெப் முகவரியிலிருந்து தரவு எடுக்கிறது. புரோகிராமில் 'ரிக்வெஸ்ட்ஸ்.கெட்(முகவரி)' என்று ஒரே ஒரு வரி. ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்தாத பைத்தான் டீம் அபூர்வம், அதனால் இந்த உதாரணத்தைப் பொறுமையாகப் பாருங்கள்.

சிக்னேச்சரைக் கேளுங்கள். யூஆர்எல், பேராம்ஸ்=நன், இரட்டை நட்சத்திரம் கேடபிள்யூஆர்க்ஸ் என்று வரும். எத்தனை நொடி காத்திருக்கும் என்று இதில் எங்குமே இல்லை. டைம்அவுட் என்ற சொல்லே காணோம். அந்த இரட்டை நட்சத்திரத்துக்கு அர்த்தம், "மிச்சத்தை எல்லாம் நான் வாங்கி அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறேன்" என்பது. இரட்டை நட்சத்திரத்தைக் கண்ட இடத்தில் நிற்காதீர்கள். அடுத்தவர் யார் என்று பாருங்கள்.

யார் என்று தெரிய இன்ஸ்பெக்ட்.கெட்சோர்ஸ் உதவும். ஃபங்ஷனின் மூல வரிகளையே அது திரையில் கொட்டும். கெட் என்பது ரிக்வெஸ்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுவது தெரியும். அதன் சிக்னேச்சரைக் கேட்டால் மெத்தட், யூஆர்எல், மறுபடியும் இரட்டை நட்சத்திரம். இன்னும் ஒரு படி இறங்குங்கள். அது செஷன் கிளாஸின் ரிக்வெஸ்ட் மெத்தடைக் கூப்பிடுகிறது. அதன் சிக்னேச்சரில்தான் முழுப் பட்டியல் விரிகிறது: ஹெடர்ஸ், குக்கீஸ், ஆத், நடுவில் டைம்அவுட்=நன், அலவ்_ரீடைரக்ட்ஸ்=ட்ரூ என்று.

டைம்அவுட் நன் என்றால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும் என்று பொருள். எதிர்ப்பக்க சர்வர் இணைப்பை ஏற்றுக்கொண்டு பதில் தராமல் இருந்தால், உங்கள் ஜாப் விடியும்வரை அங்கேயே நிற்கும். டிக்கெட்டின் காரணம் இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு.

இந்த மூன்று படியை இறங்குவதற்கு முன்னும் பின்னும் நீங்கள் டீம் லீடுக்கு அனுப்புகிற மெசேஜ் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். முன்னால்: "மேடம், அந்த ஜாப் ஏன் தொங்குது என்று புரியல, கொஞ்சம் ஹெல்ப் பண்ண முடியுமா?" பின்னால்: "மேடம், கெட் காலில் டைம்அவுட் தரவில்லை. லைப்ரரி டிஃபால்ட் நன், அதாவது வரம்பே இல்லை. இந்த சர்வருக்கு 30 நொடி வைக்கலாமா, அல்லது டீமில் வேறு அளவு வழக்கமா?" இரண்டாவது மெசேஜுக்கு ஒரு வரியில் பதில் வந்துவிடும். அனுப்பியவர் எந்த ஊர், எந்தக் காலேஜ், இங்கிலீஷ் எப்படி என்று யாரும் நினைத்துப் பார்க்கப்போவதில்லை. கேள்வியில் வேலை தெரிகிறது.

லைப்ரரி மாறினால் டிஃபால்ட்டும் மாறும்

நீங்கள் ஒரு வரியும் தொடாமலே உங்கள் புரோகிராமின் நடத்தை மாறலாம் என்பதைப் பல டீம்கள் அடிபட்டுத்தான் கற்றுக்கொள்கின்றன. மூன்று உண்மையான மாற்றங்களைச் சொல்கிறேன்.

சைக்கிட்-லேர்ன் லைப்ரரியில் ரேண்டம் ஃபாரஸ்ட் கிளாஸிஃபையர் என்று ஒன்று. எத்தனை மரம் என்பதற்கான என்_எஸ்டிமேட்டர்ஸ் பாராமீட்டரின் டிஃபால்ட் நெடுநாள் 10 ஆக இருந்தது. 2019 டிசம்பரில் வந்த 0.22 பதிப்பில் 100 ஆயிற்று. அந்த மதிப்பைத் தராமல் எழுதியிருந்த எல்லாப் புரோகிராமிலும் பதிப்பை ஏற்றியதும் மரங்கள் பத்து மடங்கு. ஓடும் நேரம் கூடியது, முடிவுகளும் மாறின. அதே பதிப்பில் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனின் சால்வர் டிஃபால்ட்டும் லிப்லீனியரிலிருந்து எல்பிஎஃப்ஜிஎஸ் ஆனது. மாறப்போகிறது என்று முந்தைய பதிப்புகளிலேயே எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைகளை மறைத்துவிட்டு ஓட்டுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்காது.

நம்பையில் ஃபைலைத் திறக்கிற லோட் ஃபங்ஷனுக்கு அலவ்_பிக்கிள் என்று ஒரு பாராமீட்டர். 2019 ஏப்ரலில் வந்த 1.16.3 பதிப்பில், பாதுகாப்புக் காரணத்துக்காக அதன் டிஃபால்ட்டை ட்ரூவிலிருந்து ஃபால்ஸ் ஆக்கினார்கள். நேற்றுவரை திறந்த ஃபைல் இன்று எரர் கொடுத்தது.

பைஎமல் லைப்ரரியின் லோட் இன்னும் ஒரு படி மேலே போனது. லோடர் என்ற பாராமீட்டருக்கு டிஃபால்ட் இருந்தது. 2021-ல் வந்த 6.0 பதிப்பில் அந்த டிஃபால்ட்டையே எடுத்துவிட்டு, கட்டாயம் தர வேண்டியதாக்கிவிட்டார்கள்.

மூன்றிலும் நோயைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றுதான். பழைய பதிப்பு இருக்கிற சூழலில் 'டிஃபால்ட்கள்' ஃபங்ஷனை ஓட்டி ஒரு டிக்‌ஷனரி எடுங்கள். புதிய பதிப்பில் இன்னொன்று எடுங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள். இணையத்தில் படிக்கிற டாக்குமெண்ட் பெரும்பாலும் கடைசிப் பதிப்புக்கானது. உங்கள் சர்வரில் இருப்பது எந்தப் பதிப்போ, அதன் உண்மையான மதிப்பைச் சொல்வது அந்தச் சர்வரில் ஓடும் சிக்னேச்சர் மட்டும்தான். இரண்டு பட்டியலையும் டிக்கெட்டிலேயே ஒட்டிவிடுங்கள். பதிப்பு ஏற்றும் வேலை எந்த டீமிலும் யாருக்கும் பிடிக்காத வேலை, அதனாலேயே புதியவர்களிடம் வந்து சேரும். அதை இந்த ஒழுங்கோடு செய்து முடிக்கிறவரை மேனேஜர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

பதிப்பு ஏற்றும்போது இன்னொரு பழைய கதையும் எதிர்ப்படும். முன்பு பாராமீட்டர்களைப் பார்க்க கெட்ஆர்க்ஸ்பெக் என்ற ஃபங்ஷன் இருந்தது. 2022-ல் வந்த பைத்தான் 3.11-ல் அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். பழைய புரோகிராம் 3.11-ல் 'இன்ஸ்பெக்டில் கெட்ஆர்க்ஸ்பெக் இல்லை' என்று விழுந்தால் பதற வேண்டாம். அந்த இடத்தில் சிக்னேச்சர் போட்டு, மேலே சொன்ன முறையில் பிரித்துக்கொள்ளுங்கள்.

டிஃபால்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் தவறு

இன்டர்வியூவில் தவறாமல் வருகிற கேள்வி இது. பெரும்பாலானவர்கள் பதிலை மனப்பாடமாகச் சொல்வார்கள். நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

டெஃப் பதிவு(பெயர், வரிசை=[]):
  வரிசை.அப்பெண்ட்(பெயர்)
  ரிட்டர்ன் வரிசை

முதலில் சிக்னேச்சரைக் கேளுங்கள். வரிசை=[] என்று வரும். இப்போது 'பதிவு("உரிகம்")' என்று ஒரு முறை கூப்பிட்டுவிட்டு மறுபடியும் சிக்னேச்சரைக் கேளுங்கள். வரிசை=['உரிகம்'] என்று வரும். சாம்பியனையும் பதிவு செய்துவிட்டுக் கேட்டால் இரண்டு பெயரும் இருக்கும். டெஃப் வரி படிக்கப்படும்போது டிஃபால்ட் ஒரே ஒரு முறை உருவாகிறது, பிறகு எல்லா அழைப்பும் அதே பட்டியலைப் பங்கு போட்டுக்கொள்கிறது. புத்தகத்தில் இதை வாக்கியமாகப் படிப்பதும், திரையில் டிஃபால்ட் வளர்வதைப் பார்ப்பதும் ஒன்றாகாது. பார்த்தவருக்கு மறக்காது.

இதே தவறின் கொடிய வடிவம் நேரத்தில் வரும். 'நேரம்=டேட்டைம்.நவ்()' என்று டிஃபால்ட் வைத்திருப்பார்கள். எழுதியவர் நினைத்தது, ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்து நேரம் வரும் என்று. உண்மையில் சர்வர் கிளம்பிய நேரம் அங்கேயே உறைந்து நிற்கும். சர்வரை நிறுத்தாமல் ஓட்டினால் எல்லாப் பதிவும் ஒரே நேரத்தைக் காட்டும். தன் லேப்டாப்பில் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே நிமிடத்துக்கு ஒரு முறை புரோகிராமைப் புதிதாக ஓட்டிக்கொண்டிருப்பார். ஓடும் சர்வரில் சிக்னேச்சரைக் கேட்டால், டிஃபால்ட் இடத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியும் மணியும் எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிடும். திருத்தம் எளிது: டிஃபால்ட் நன் என்று வைத்து, உள்ளே நன் என்றால் புதிதாக நேரம் எடுங்கள்.

டெகரேட்டர் போட்ட முகமூடி

சில ஃபங்ஷன்களின் சிக்னேச்சரைக் கேட்டால் ஒற்றை நட்சத்திரம் ஆர்க்ஸ், இரட்டை நட்சத்திரம் கேடபிள்யூஆர்க்ஸ் என்று மொட்டையாக வரும். மேலே ஒரு டெகரேட்டர் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எழுதியவர் ஃபங்டூல்ஸ்.ராப்ஸ் போட மறந்திருக்கிறார். போட்டிருந்தால் உள்ளே இருக்கும் அசல் ஃபங்ஷனுக்கு ஒரு வழி விட்டிருக்கும், சிக்னேச்சர் அந்த வழியே போய் அசலைக் காட்டும். ஒரு வரித் திருத்தம். புதியவர் தைரியமாக அனுப்பக்கூடிய நல்ல முதல் புல் ரிக்வெஸ்ட்.

இதில் ஒரு எச்சரிக்கை. ராப்ஸ் போட்டிருந்தாலும், டெகரேட்டர் நடுவில் புகுந்து மதிப்பை மாற்றியிருக்கலாம். சிக்னேச்சர் ரீட்ரை=3 என்று காட்டும், டெகரேட்டர் அதை 5 ஆக்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் சிக்னேச்சரிடம் ஃபாலோ_ராப்டு=ஃபால்ஸ் என்று சொல்லிக் கேளுங்கள். மேலே உட்கார்ந்திருப்பதன் உண்மையான வடிவம் தெரியும்.

ஓட்டுவதற்கு முன்பே ஒத்திகை

பைண்ட் என்பதை ஏன் இவ்வளவு குறைவான பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. சிக்னேச்சரிடம் "இந்த மதிப்புகளோடு கூப்பிட்டால் சரியாக உட்காருமா?" என்று கேட்கலாம். ஃபங்ஷன் ஓடாது. மதிப்புகள் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கும். கட்டாயமான ஒன்று விட்டுப்போனால், பெயர் தப்பாக இருந்தால், அங்கேயே டைப்எரர் வரும்.

இரவு இரண்டு மணிக்கு ஓட வேண்டிய ஜாப்களின் மதிப்புகள் ஒரு ஃபைலில் வருகின்றன என்று வையுங்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் பைண்ட் செய்து பார்த்துவிட்டால், எழுத்துப்பிழை விழுந்த வரி அப்போதே தெரியும். இரவில் போன் வராது. ரயிலில் பாதி வழியில் லேப்டாப் திறக்க வேண்டியிருக்காது. பைண்ட் செய்த பிறகு அப்ளை_டிஃபால்ட்ஸ் என்று ஒன்று சொன்னால், நீங்கள் தராத பாராமீட்டர்களின் டிஃபால்ட்டையும் நிரப்பி முழுப் பட்டியல் தரும். அதை லாகில் எழுதிவைத்தால், மூன்று மாதம் கழித்து "அன்று என்ன மதிப்போடு ஓடியது?" என்ற கேள்விக்கு ஊகம் தேவைப்படாது. பாஸ்வேர்ட், டோக்கன் போன்றவற்றை லாகில் விழாமல் நீக்கிவிடுங்கள். அதை மறந்தால் வேறு பெரிய பிரச்சினை.

பைண்ட் எண்ணையும் எழுத்தையும் பிரித்துப் பார்க்காது. 30 என்ற எண்ணுக்குப் பதில் "முப்பது" என்று தந்தாலும் வாங்கிக்கொள்ளும். அந்தச் சோதனை தனி.

இன்டர்வியூவில் இதைச் சொல்லும் விதம்

"இன்ஸ்பெக்ட் மாட்யூல் தெரியுமா?" என்று யாரும் நேராகக் கேட்கமாட்டார்கள். கேட்பது, பைடெஸ்ட் எப்படி வேலை செய்கிறது, ஃபாஸ்ட்ஏபிஐ ஏன் பிடிக்கும் என்ற மாதிரி. உங்கள் பதிலில் இது வர வேண்டும். பைடெஸ்ட், டெஸ்ட் ஃபங்ஷனின் பாராமீட்டர் பெயர்களைப் படித்து, அதே பெயரில் இருக்கும் ஃபிக்ஸ்சரைக் கொண்டுவந்து கொடுக்கிறது. செபாஸ்தியான் ராமிரெஸ் 2018-ல் வெளியிட்ட ஃபாஸ்ட்ஏபிஐ, நீங்கள் எழுதும் ஃபங்ஷனின் சிக்னேச்சரைப் படித்து, எது முகவரியில் வரும், எது கட்டாயம், எதற்கு டிஃபால்ட் உண்டு என்று தானே முடிவு செய்கிறது. சைக்கிட்-லேர்னில் கெட்_பேராம்ஸ் என்ற மெத்தட் ஒவ்வொரு மாடலின் இனிட்டையும் இதே வழியில் படிக்கிறது. அதனால்தான் அங்கே சொந்த மாடல் எழுதுகிறவர் இனிட்டில் ஒற்றை நட்சத்திர ஆர்க்ஸ் வைத்தால் அது மறுத்து எரர் தருகிறது. படிக்கப் பெயர் இல்லையே. இந்த மூன்றில் ஒன்றை எடுத்து இரண்டு நிமிடம் விளக்கினால், லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர் மட்டுமா, உள்ளே பார்த்தவரா என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு லேப்டாப் வேண்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். காலை ரயிலில் லேப்டாப் திறக்க இடம் கிடைப்பது அரிது, நின்றுகொண்டு வருகிறவர்களே அதிகம். ஆண்ட்ராய்டு போனில் பைடிராய்டு 3 போட்டுக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலே பைத்தான் ஓடும். மாலூர் தாண்டுவதற்குள் ஒரு மாட்யூலை எடுத்து, அதில் இருக்கும் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகச் சிக்னேச்சர் கேட்டுப் பாருங்கள். ஜேசன் மாட்யூலின் டம்ப்ஸிலிருந்து தொடங்குங்கள். அதில் என்ஷ்யூர்_ஆஸ்கி=ட்ரூ என்று ஒன்று இருக்கும். தமிழ்ப் பெயர்களை ஜேசனாக எழுதினால் ஏன் புரியாத எண்களாக வருகின்றன என்பதற்கு விடை அதில் இருக்கிறது. ஃபால்ஸ் கொடுத்து ஓட்டுங்கள், 'மாரிக்குப்பம்' மாரிக்குப்பமாகவே வரும்.

சில இடங்களில் பதில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுதிய சில உள்ளமைந்த ஃபங்ஷன்கள் தங்கள் சிக்னேச்சரைச் சொல்வதில்லை, வேல்யூஎரர்தான் வரும். அங்கே ஹெல்ப் போட்டுப் படியுங்கள். பாண்டாஸ் போன்ற லைப்ரரிகளில் டிஃபால்ட் இடத்தில் நோ_டிஃபால்ட் என்ற ஒரு அடையாளம் மட்டும் நிற்கும். உண்மையான மதிப்பு உள்ளே முடிவாகிறது என்று அர்த்தம், கெட்சோர்ஸ்தான் வழி. சிக்னேச்சர் கொஞ்சம் மெதுவானது என்பதால், லட்சம் முறை சுற்றும் லூப்புக்குள் அதை வைக்காமல் ஒரு முறை கேட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள்.

டீமுக்குள் கொண்டுவாருங்கள்

சேர்ந்து மூன்று நான்கு மாதம் ஆனதும் இதைச் செய்யலாம். டீமில் பல பேர் கூப்பிடுகிற ஃபங்ஷன்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் சிக்னேச்சரையும் ஸ்ட்ரிங்காக மாற்றி, இன்றைய வடிவத்தை ஒரு டெஸ்ட் ஃபைலில் எழுதிவையுங்கள். டெஸ்ட் ஓடும்போது இப்போதைய சிக்னேச்சர் அதோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். யாராவது ரீட்ரை=3 என்பதை ரீட்ரை=30 ஆக்கினால், அல்லது ஒரு டிஃபால்ட்டை எடுத்துவிட்டால், மெர்ஜ் ஆவதற்கு முன்பே டெஸ்ட் விழும். பழைய வரியும் புதிய வரியும் அடுத்தடுத்துத் தெரியும்.

மாற்றம் வேண்டுமென்றே செய்ததாக இருந்தால், செய்தவர் டெஸ்ட் ஃபைலையும் சேர்த்து மாற்றிவிடுவார். ரிவ்யூ செய்கிறவர் கண்ணில் அது தனியாகப் படும், அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிற மற்ற டீம்களுக்கு முன்கூட்டியே சொல்ல முடியும். எல்லா ஃபங்ஷனுக்கும் இதைப் போடாதீர்கள். உள்ளுக்குள் மட்டும் பயன்படும் சின்ன ஃபங்ஷன்களுக்குப் போட்டால் வாரத்துக்கு நான்கு முறை டெஸ்ட் விழுந்து, எரிச்சலில் யாராவது ஃபைலையே நீக்கிவிடுவார்கள். பத்துப் பதினைந்து ஃபங்ஷனோடு தொடங்குங்கள். புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில், எந்த ஃபங்ஷனை எத்தனை இடத்தில் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் போடுங்கள், ஏன் அவற்றைத் தேர்ந்தீர்கள் என்ற கேள்விக்கு அதுவே பதில்.